மூன்று டேப்பட் ஸ்பேனர்

அன்று காரைச் சுற்றி இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். மிராசுதார். அவருடைய கணக்குப்பிள்ளை. மிராசுதாரின் மாப்பிள்ளை, ஆளும் கட்சியில் ஒன்றியப் பொறுப்பு. டிரைவர், ஆறு வருஷமாக ஓட்ட ஒன்றும் இல்லாத டிரைவர். பின்சீட்டில் ஒரு கோழி; அடைக்கு உட்கார்ந்திருந்தது. பிறகு நான், கையில் வேஸ்ட் துணியோடு. எங்களில் கோழி ஒன்றுதான் உருப்படியான வேலையில் இருந்தது.

கார் சீமையிலிருந்து வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் மிராசுதாரின் அப்பா வாங்கியது. மேல்மூடி துணி. மடித்துவிட்டால் திறந்த கார். இப்போது திறந்த கார்தான் தேவைப்பட்டது. அடுத்த மாதம் நெல் கொள்முதல் நிலையம் திறக்க மந்திரி வருகிறார். ரயில்வே கேட்டிலிருந்து மேடை வரை அவரை இந்தக் காரில் நிற்கவைத்துக் கூட்டிவருவது மாப்பிள்ளையின் ஏற்பாடு. மிராசுதார் பக்கத்தில் நிற்பார். போட்டோ எடுப்பார்கள்.

போட்டோ எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. நில உச்சவரம்பை அப்போதுதான் பாதியாகக் குறைத்திருந்தார்கள். மிராசுதாருக்கு இருபது வேலி, நூற்று முப்பது ஏக்கருக்கு மேல்.

ஆட்சி மாறும் வரை அவர் பழைய கட்சி. கூடத்தில் தலைவர்கள் படம் வரிசையாக மாட்டியிருக்கும். ஆட்சி மாறிய ஆறாவது மாதம் படங்கள் மாறின. ஆணி மட்டும் அதே ஆணி.

டிரைவர் முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். ஏழாவது சுற்றில் என்ஜின் பிடித்தது. கோழி பறந்துபோனது. தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டியது போல ஒரு சத்தம்.

"என்னடா அது?" என்றார் மிராசுதார்.

"டேப்பட்டுங்க ஐயா. வால்வு இடைவெளி போயிடுச்சு. சிலது அகண்டுடுச்சு. சிலது ஒட்டிக்கிச்சு."

"ஒட்டிக்கிட்டா என்ன?"

"வால்வு மூடாது. இழுவை இருக்காது. பாதி ரோட்டுல நின்னுடும்."

மாப்பிள்ளைக்கு வியர்த்தது. "மந்திரியோட நின்னா என்னைக் கட்சியை விட்டே எடுத்துடுவாங்க மாமா."

"அதுக்குத்தான் இவனைக் கூப்பிட்டிருக்கு" என்றார் மிராசுதார். என் பக்கம் பார்க்காமலே பேசினார். அது அவர் வழக்கம். "உன் கொட்டாய் எங்கடா இருக்கு?"

"ஐயா எடத்துல."

"மந்திரி வர்றதுக்குள்ள வண்டி ஓடணும். ஓடினா அந்த எடத்தை உன் பேருக்கு எழுதித் தந்துடறேன். ஓடலைன்னா கொட்டாயைப் பிரிச்சுக்க. அங்க நெல்லு காயப்போடக் களம் வேணும்."

என் கொட்டகை ரோட்டு ஓரம், அவர் வயல் தலைமாட்டில். நாலு மூங்கில் கால், கீற்று, ஒரு வைஸ், ஒரு பெட்டி. அதற்குப் பின்னால் நானும் என் பெண்சாதியும் இருக்கிற தடுப்பு. லாரியில் கிளீனராகப் பன்னிரண்டு வருஷம் இருந்து தொழில் படித்து, அந்த மேட்டில் கால் ஊன்றி அப்போது ஒன்பது வருஷம். டிராக்டர், பம்ப்செட், மோட்டார் சைக்கிள் எல்லாம் அங்கேதான் வரும். இடம் போனால் நான் மறுபடியும் லாரிக் கிளீனர். நாற்பது வயதில் எவனும் கிளீனர் வேலை கொடுக்க மாட்டான்.

"சரிங்க" என்றேன்.

சரி என்று சொன்ன பிறகுதான் சைடு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். புது வண்டியில் வால்வு என்ஜினின் தலையில் இருக்கும். மேல்மூடியைக் கழற்றினால் ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், வேலை முடிந்தது. இந்தக் காரில் வால்வு பக்கவாட்டில் நிற்கிறது. எட்டு வால்வு. அடியில் அவற்றைத் தூக்கிவிடுகிற எட்டு டேப்பட். கை நுழையாத ஒரு பொந்துக்குள், சைலன்சர் குழாய்க்குக் கீழே. ஒவ்வொரு டேப்பட்டிலும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று இடத்தில் ஸ்பேனர் போட வேண்டும். கீழே ஒன்று, டேப்பட் சுற்றாமல் பிடிக்க. நடுவில் ஒன்று, பூட்டு நட்டை இளக்க. மேலே ஒன்று, திருகை ஏற்றி இறக்க. மூன்றும் ஒரே நேரத்தில். செய்தவன் மனிதனுக்கு மூன்று கை என்று நினைத்துச் செய்திருக்கிறான்.

சாதா ஸ்பேனர் அங்கே ஆகாது. கனம் அதிகம். நடுவில் போட்டால் மேலேயும் கீழேயும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு ரூபாய்க் காசு கனத்தில், முழங்கை நீளத்தில், தட்டையாக இருக்க வேண்டும். அதற்குப் பேர் டேப்பட் ஸ்பேனர். அதுவும் அங்குல அளவில். அரசாங்கம் மில்லிமீட்டருக்கு மாறிவிட்டது. மிராசுதார் கட்சி மாறிவிட்டார். கார் மட்டும் மாறவில்லை.

இரண்டு பழைய ஸ்பேனரைச் சாணைக்கல்லில் பிடித்துத் தேய்த்துப் பார்த்தேன். மெலிந்தது. நட்டில் மாட்டி ஒரு தம் கொடுத்தேன். வாயைப் பிளந்துகொண்டது. மட்ட இரும்பு. நட்டு அசையவே இல்லை.

அதற்குப் பிறகு பஸ் ஏறினேன்.

தஞ்சாவூரில் பெரிய ஸ்பேர் பார்ட்ஸ் கடை. முதலாளி காரின் பேரைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தக் கம்பெனி இருக்கா இன்னும்?"

"தெரியாதுங்க."

"வண்டி?"

"இருக்கு."

"சொந்தக்காரர்?"

"அவரும் இருக்காருங்க."

"அப்ப ரெண்டுல ஒண்ணு சீக்கிரம் போயிடும். அதுவரைக்கும் இருங்க. ஸ்பேனர் தேவைப்படாது."

கும்பகோணத்தில் பழைய இரும்புக் கடைகளில் ஒரு நாள். குவியலுக்குள் கை விட்டுத் தேடினேன். கை கிழிந்ததுதான் மிச்சம். ஒரு கடைக்காரர் சைக்கிள் கோன் ஸ்பேனரை எடுத்து நீட்டினார்.

"மெல்லிசாத்தானே கேட்டீங்க? இதைவிட மெல்லிசு கிடையாது."

"வாய் சின்னதா இருக்குங்களே."

"ராவி பெருசாக்கிக்குங்க."

"ராவினா வலு இருக்காது."

"மெல்லிசாவும் இருக்கணும், வலுவாவும் இருக்கணும், பழசாவும் இருக்கணும், கிடைக்கவும் கிடைக்கணும்" என்று விரல் மடக்கினார். "நீங்க ஸ்பேனர் தேடலைங்க. பொண்ணு தேடறீங்க."

திருவிடைமருதூரில் ஒரு பழைய போர்மேன் இருந்தார். பஸ் ஷெட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவரிடம் இந்த ஸ்பேனர் செட் இருந்ததாகக் கும்பகோணத்தில் சொன்னார்கள். போனேன். இருந்தது உண்மை.

"பொண்ணு கல்யாணத்துல போச்சுப்பா" என்றார்.

"டேப்பட் ஸ்பேனர் கல்யாணத்துக்கு எதுக்குங்க?"

"பந்தல்காரன் ஏதோ முடுக்கணும்னு வாங்கிட்டுப் போனான். பந்தலோட அதுவும் போச்சு."

"கேக்கலையா?"

"கேட்டேன். மாப்பிள்ளை வீட்டுல எடுத்துட்டுப் போயிருப்பாங்கன்னான். அவங்ககிட்டப் போய்க் கேட்க முடியுமா? மோட்டார் சைக்கிள் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. ஸ்பேனரோட விட்டாங்களேன்னு இருந்துட்டேன்."

ஒரு வாரம் போனது. திரும்பி வரும்போது வாய்க்கால் பாலத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள். செங்கொடி. குறுவை அறுவடை நேரம். கூலி கூடுதலாக அரை மரக்கால் நெல் கேட்டு ஆட்கள் அரிவாளைக் கீழே போட்டுப் பத்து நாள். வெளியூர் ஆள் இறங்கிவிடக் கூடாது என்று பஸ் பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் என் மச்சான், என் பெண்சாதியின் அண்ணன், முன்னால் நின்றார். சங்கத்தில் அவருக்கு ஒரு பதவி உண்டு. தொண்டைதான் அவர் பதவி.

"வாங்க மாப்பிள்ளை. பையில என்ன? குண்டா?"

"ஸ்பேனர் மச்சான். அதுவும் ஆகாத ஸ்பேனர்."

"கேட்டீங்களாடா! நெல்லு வயல்லயே கொட்டுது. இவரு மிராசுதாரு காருக்கு இருமல் மருந்து தேடிக்கிட்டு ஊர் ஊராப் போறாரு."

"ஓடலைன்னா கொட்டாய் போயிடும்."

"ஓடினாலும் போயிடும். அவன் எடத்துல இருக்கிறவரைக்கும் நீங்க அவன் கட்டுத்தறி மாடு."

"மாட்டுக்கு வைக்கல் போடுவாங்க மச்சான். எனக்கு அதுவும் இல்லை."

கொடி பிடித்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மச்சானுக்கும் சிரிப்பு வந்தது. தலைவராக இருந்ததால் அடக்கிக்கொண்டார். பஸ்ஸை விட்டார்கள்.

கடைசியாகக் கூத்தாநல்லூர். அங்கே மலேயாவில் கடை வைத்திருந்து திரும்பிய ராவுத்தர் ஒருவர் வீட்டில் இதே கம்பெனி கார் நிற்பதாகக் கேள்வி. போய் நின்றேன். உட்காரச் சொன்னார். மிராசுதார் வீட்டில் ஒன்பது வருஷம் போய்வந்தும் எனக்கு யாரும் சொல்லாத வார்த்தை. கொஞ்ச நேரம் என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு உட்கார்ந்தேன்.

டீ வந்தது. ராவுத்தர் உள்ளே போய் ஒரு தோல் சுருளைக் கொண்டுவந்து விரித்தார். வரிசையாகப் பை தைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சாமான். எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து. கடைசிப் பையில் மூன்று டேப்பட் ஸ்பேனர். எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். இலை மாதிரி இருந்தது. வளைத்தேன். வளையவில்லை.

எங்கள் நட்டின் அளவுக்கு ராவிப் பையில் வைத்திருந்த இரும்புத் துண்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். ராவுத்தர் கார் பிந்தி வந்த மாடல். ஸ்பேனர் ஒரு நம்பர் பெரிது. துண்டில் லொடலொடத்தது.

"உங்க மிராசுதார் வண்டியோட இது வந்திருக்கணுமே தம்பி" என்றார். "கார் வாங்கின எல்லாருக்கும் கம்பெனிக்காரனே கொடுத்தான். முன்சீட்டுக்கு அடியில இருக்கும். பண்ணையில கேட்டீங்களா?"

"கேக்கலைங்க பாய்."

"ஏன்?"

"ஐயாகிட்டக் கேள்வி கேட்டுப் பழக்கம் இல்லை."

"இவ்வளவு தூரம் பஸ்ல வந்து பழக்கம் இருக்கு" என்றார் ராவுத்தர். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அதிகம் உறைத்தது.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ஸ்பேனரை அதன்மேல் வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்துக் கொடுத்தார். "இதைக் காட்டிக் கேளுங்க. பேர் சொன்னா அவங்களுக்குத் தெரியாது. படம் பாத்தாத் தெரியும்."

அன்று சாயங்காலமே மிராசுதார் வீட்டுக்குப் போனேன். கூடத்துப் படியில் நின்றேன். மாப்பிள்ளை, கணக்குப்பிள்ளை, டிரைவர் மூவரும் இருந்தார்கள். வண்டியோடு வந்த சாமான் எங்கே என்று கேட்டேன்.

மிராசுதாருக்கு முகம் சிவந்தது. "எங்கேன்னா? இந்தத் திருட்டுப் பசங்க விட்டுவைப்பானுங்களா? கொடி பிடிச்சவனுங்க எவனாவது தூக்கிட்டுப் போயிருப்பான். இரும்புன்னா விடுவானுங்களா!"

"இவரு மச்சானே கொடி பிடிக்கிறவர்தான்" என்றார் மாப்பிள்ளை.

டிரைவர் பழனியாண்டவர் மேல் சத்தியம் செய்தார். அவரை யாரும் கேட்கவில்லை. கட்சி நம்பாத சாமி ஆனதால் மாப்பிள்ளை காதில் வாங்கவில்லை.

நான் தாளை விரித்துக் காட்டினேன். மிராசுதார் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. கணக்குப்பிள்ளை எட்டிப் பார்த்தார். கொஞ்சம் கிட்டே வந்தார். தொண்டையைச் செருமினார்.

"இது மாதிரி மூணு பட்டை நம்மகிட்ட இருக்குங்களே" என்றார்.

உள்ளே போய்ப் பத்திரப் பெட்டியைத் திறந்து ஒரு கட்டைத் தூக்கிவந்தார். முழ உயரம் பத்திரம். மேலே ஒரு ஸ்பேனர், அடியில் ஒரு ஸ்பேனர், பக்கத்தில் ஒரு ஸ்பேனர். சுற்றிச் சிவப்பு நாடா. எட்டு வருஷமாகப் பத்திரக் கட்டுக்குப் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறார், முறிந்த காலுக்குக் கட்டுவது போல.

"வெறும் நாடா கட்டினா தாள் ஓரம் அறுந்துடும். மூங்கில் பத்தை வச்சா பூச்சி. அதான் இது" என்றார். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"கணக்குப்பிள்ளை மூளை யாருக்கு வரும்!" என்றார் மிராசுதார். திருட்டுப் பசங்களைப் பற்றி அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. டிரைவர் சத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்குப்பிள்ளை கீழே உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தார். மின்விசிறிக் காற்றில் மேல்தாள்கள் கிளம்பின.

"பிடிடா, பறக்குது. கையைத் துடைச்சிட்டுப் பிடி."

துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். என் விரலுக்கு நடுவில் ஒரு வரி. அதில் என் அப்பன் பேர் இருந்தது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அப்பன் பேருக்குப் பின்னால் 'மகன்' என்று இருந்தது. பிறகு என் பேர். எங்கள் தெரு. கீழே நான்கெல்லை. கிழக்கே ரோடு. வடக்கே வாய்க்கால். தெற்கே, மேற்கே யார் யாரோ. கடைசியில் 'இதற்குட்பட்ட நஞ்சையும், ரோட்டோரம் உள்ள கீற்றுக் கொட்டகை மனையும் உள்பட' என்று இருந்தது. கூட்டி முடிக்க நேரமானது. இன்னொரு தடவை கூட்டினேன்.

"என்னடா முறைச்சுப் பாக்கறே? படிக்கத் தெரியுமா?" என்றார் கணக்குப்பிள்ளை.

"ஸ்பேனர் நம்பர் படிப்பேங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மூன்று ஸ்பேனரையும் வாங்கிக்கொண்டு எழுந்தேன். அவர் கட்டுக்கு வைக்க மூங்கில் பத்தை தேடிக்கொண்டிருந்தார்.

பின்னால் முழுசாகத் தெரிந்துகொண்டேன்: எட்டு வருஷத்துக்கு முன் உச்சவரம்புச் சட்டம் முதலில் வந்தபோதே, அதற்குத் தப்ப அவர்கள் இருபது வேலியைப் பிய்த்துக் கண்டவன் பேரிலெல்லாம் எழுதியிருந்தார்கள். வாங்குகிறவன் கையெழுத்து பத்திரத்துக்கு வேண்டியதில்லையாம். அவனுக்குத் தெரியவும் வேண்டியதில்லை. மற்றவர்களிடம் திருப்பி எழுதித் தருவதாக மறு பத்திரம் ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள். என்னிடம் வாங்கவில்லை. படிக்காதவன், கொட்டகையும் ஐயா இடத்தில், இவன் எங்கே போய்விடுவான் என்று விட்டிருக்கிறார்கள். யாருக்கு எதை எழுதினோம் என்பது மிராசுதாருக்கு நினைவே இல்லை. எனக்கு எழுதிய இடத்தையே எனக்குத் தருவதாகச் சொல்லி வேலை வாங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் வேலையை ஆரம்பித்தேன். என்ஜினைச் சூடேற்றி நிறுத்தினேன். கீழ் ஸ்பேனரை மாட்டி அதன் பிடியைச் சட்டத்தில் சாய்த்து நிறுத்தினேன். அதுதான் மூன்றாவது கை. நடு ஸ்பேனரில் இடது கை. மேல் ஸ்பேனரில் வலது கை. நட்டு இளகியது. அதுவரை முரண்டு பிடித்தது இதுவா என்று இருந்தது. இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜில் வெங்காயச் சருகு போல ஒரு தகடு உண்டு. அதை இடைவெளியில் விட்டு இழுக்க வேண்டும். வழுக்கக் கூடாது. சிக்கவும் கூடாது. லேசாக நாக்கு ஒட்டுவது போல வர வேண்டும். வந்ததும் பூட்டு நட்டை முடுக்க வேண்டும். முடுக்கும்போது திருகும் கூடவே சுற்றிவிடும். மறுபடி முதலிலிருந்து. எட்டையும் முடிக்கச் சாயங்காலம் ஆனது. முழங்கை வரை சுட்டுப் போயிருந்தது.

ஹேண்டில் போட்டதும் முதல் சுற்றிலேயே பிடித்தது. சத்தமே இல்லை. டிரைவர் கண்ணைத் துடைத்தார். புகைதான்.

கையைக் கழுவிவிட்டு மறுநாள் கர்ணத்திடம் போனேன். கிராமத்து நிலக் கணக்கும் நிலவரிக் கணக்கும் அவரிடம்தான் இருக்கும்.

"என் பேர்ல இருக்கிற நெலத்துக்குக் கிஸ்தி கட்டணுங்க" என்றேன்.

"பண்ணையிலேருந்துதானேடா கட்டுவாங்க?"

"இந்த வருஷப் பசலிக்கு நானே கட்டிக்கலாம்னு."

அவர் நோட்டைப் புரட்டினார். என் பேர் இருந்தது. பரப்பைச் சொன்னார்; ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல். ரசீது எழுதிக் கொடுத்தார். வயதானவர். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு பொடி போட்டுக்கொண்டார். பொடி போடும்போது மனிதன் பேச மாட்டான். நல்ல பழக்கம்.

பெண்சாதியிடம் மட்டும் சொன்னேன். உலையை இறக்கிவைத்தாள்.

"அப்ப அந்த வரப்புல புல்லு அறுத்தேன்னு பண்ணை ஆளு என்னை அசிங்கமா ஏசினானே" என்றாள். "அவனை என்ன பண்றது?"

"பொறு" என்றேன்.

மந்திரி வந்தார். காரில் ஏறி நின்றார். மிராசுதார் புதுக் கரைபோட்ட துண்டோடு பக்கத்தில் நின்றார். டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் கியரிலேயே ஓட்டினார். நான் சைக்கிளில் பின்னால் போனேன். கார் ஒரு தடவைகூட இருமவில்லை. இரண்டு பக்கமும் நெல் முற்றிச் சாய்ந்து கிடந்தது. ஏன் அறுக்கவில்லை என்று மந்திரி கேட்டார்.

"நீங்க பாக்கணும்னுதான் விட்டுவச்சிருக்கோம்" என்றார் மாப்பிள்ளை.

மந்திரி மகிழ்ந்தார். போட்டோ எடுத்தார்கள்.

இரண்டு நாள் விட்டு மனையைக் கேட்டேன். என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்றுதான் கேட்டேன்.

"ஏதோ ஓடிச்சு" என்றார் மிராசுதார். "களம் வேணுமேடா. எழுதறதெல்லாம் சும்மா இல்லை. தை வரைக்கும் இருந்துக்க. அப்புறம் பிரிச்சுடு."

"சரிங்க" என்றேன்.

போட்டோ கூடத்தில் மாட்டியிருந்தது. போட்டோவை மீறியும் நோட்டீஸ் வந்தது. உச்சவரம்பு தாசில்தார் விசாரணைக்கு வருகிறார். கணக்குப்பிள்ளை பதினோரு பேரைக் கூப்பிட்டு மாட்டுக் கொட்டிலில் உட்காரவைத்தார். சலவைக்காரர், கோயில் நாதஸ்வரக்காரர், வண்டிக்காரர், இன்னும் பேர்கள். பட்டியலில் பதின்மூன்று பேர். இரண்டு பேர் செத்துப்போனவர்கள். அவர்களுக்கு மட்டும் பயிற்சி தேவைப்படவில்லை.

"உன் பேர்லயும் கொஞ்சம் போட்டு வச்சிருக்கு. பேருக்குத்தான். பயப்படாதே" என்றார் என்னிடம். "கேட்டா இதைச் சொல்லு: நிலம் என்னுது. நானே பயிர் பண்றேன். வேற எவருக்கும் பாத்தியம் இல்லை. எங்க, சொல்லு."

சொன்னேன். தடுமாறினேன். இன்னொரு தடவை சொல்லித்தரச் சொன்னேன். சொல்லித்தந்தார். மூன்றாம் தடவையும் கேட்டேன். பாவம், பொறுமையாகச் சொல்லித்தந்தார்.

விசாரணைக்கு முந்தின நாள் மச்சான் கொட்டகைக்கு வந்தார். அவருக்கும் விஷயம் எட்டிவிட்டது.

"என்னுது இல்லைன்னு சொல்லிடுங்க மாப்பிள்ளை. உபரியா எடுத்து ஊருக்குக் குடுப்பாங்க."

"யாருக்குன்னு யாரு பட்டியல் போடுவா?"

"கமிட்டி."

"கமிட்டியில யாரு?"

மச்சான் பீடியைப் பற்றவைத்தார். கமிட்டியில் முதல் பேர் மிராசுதாரின் மாப்பிள்ளை.

"அப்ப என்ன சொல்லப்போறீங்க?"

"சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்லப்போறேன்."

"அட அடிமையே" என்று காறித் துப்பிவிட்டுப் போனார்.

விசாரணை பஞ்சாயத்து ஆபீசில் நடந்தது. ஜன்னலில் செங்கொடிக்காரர்கள். ஒவ்வொருவர் பேரைக் கூப்பிடும்போதும் வெளியிலிருந்து "பினாமி, பினாமி" என்று கத்தினார்கள். மச்சான் தொண்டை தனியாகக் கேட்டது. மிராசுதார் நாற்காலியில். கணக்குப்பிள்ளை பின்னால் நின்றுகொண்டு, ஒவ்வொருவன் சொல்லும்போதும் வாயசைத்தார்.

என் முறை வந்தது. என்னுடைய நிலமா என்று தாசில்தார் கேட்டார்.

"நிலம் என்னுது. நானே பயிர் பண்றேன். வேற எவருக்கும் பாத்தியம் இல்லை."

ஒரு வார்த்தை மாற்றவில்லை. கணக்குப்பிள்ளை நல்ல பிள்ளை என்பது போலத் தலையாட்டினார்.

"எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடறீங்க" என்றார் தாசில்தார். "ருசு என்ன?"

சட்டைப்பையிலிருந்து கிஸ்தி ரசீதை எடுத்து வைத்தேன். நானே கட்டியது, என் பேரில். கணக்குப்பிள்ளையின் தலையாட்டல் பாதியில் நின்றது. மற்ற பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களிடம் ரசீது இல்லை. கணக்குப்பிள்ளை பெட்டியில் இருந்தது.

தாசில்தார் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மிராசுதார் பக்கம் திரும்பினார்.

"இந்த நிலத்துல உங்களுக்கு ஏதாவது பாத்தியம் உண்டா? உண்டுன்னா இப்பவே சொல்லிடுங்க. உங்க கணக்குல சேத்துக்கறேன். இல்லைன்னு எழுதிட்டு நாளைக்கு வந்து இவர்கிட்டேருந்து திருப்பி எழுதிக்கிட்டா கேஸ் ஆயிடும்."

மிராசுதார் என்னைப் பார்த்தார். அவர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் எந்த மாதிரி இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள நேரம் எடுத்துக்கொண்டார். கணக்குப்பிள்ளை அவர் காதருகே குனிந்தார். மிராசுதார் அவரைக் கையால் தள்ளினார்.

"இல்லை" என்றார்.

ஜன்னல் கம்பிக்குள் மச்சான் முகத்தை நுழைத்துப் பார்த்தார். தாசில்தார் பேனாவைத் திறந்தார்.

"பரப்பு சொல்லுங்க."

"நாலு மா, அறுபத்தேழு குழி" என்றேன்.